மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் வெளியுறவு வரலாற்றுப் பிரிவு அமைக்கக் கோரி மனு

அனுப்புநர்
வரலாற்று ஆய்வாளர்
(ஆய்வு மாணவர்கள் சார்பாக),
இராமநாதபுரம்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
பொது நூலக இயக்ககம்,
சென்னை.

பொருள்: இந்திய வெளியுறவுக் கொள்கை, உடன்படிக்கைகள் தொடர்பான ஆவணங்களைத் தென் மாவட்ட ஆய்வாளர்கள் பயன்படுத்த வழி செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வெளியுறவுக் கொள்கை வரலாற்றை ஆராய்பவர்களுக்கென மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒரு தனிப் பிரிவும், அந்த ஆவணங்களைத் தேடித்தரத் தெரிந்த ஒரு நூலகரும் வேண்டும் என்று இந்த மனுவின் வழியே கேட்டுக்கொள்கிறோம்.

வெளியுறவு என்றால் டெல்லி விவகாரம், அதற்கு மதுரையில் என்ன தேவை என்று தோன்றலாம். எங்கள் மாவட்டத்தில் அப்படி யாரும் கேட்கமாட்டார்கள். கச்சத்தீவைப் பற்றிக் கருத்து இல்லாத ஆளை இராமேசுவரத்திலும் பாம்பனிலும் பார்க்க முடியாது. ஆனால் அந்தத் தீவை இலங்கையின் பக்கம் விட்ட இந்திய–இலங்கை உடன்பாட்டின் மூல வாசகத்தை முழுதாகப் படித்தவர்கள் மிகக் குறைவு.

படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1974 ஜூன் மாத உடன்பாட்டின் 5ஆம் பிரிவின்படி இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்கு வந்துபோகலாம். அதற்காக இலங்கையிடம் பயண ஆவணமோ விசாவோ வாங்க வேண்டியதில்லை. அந்தப் பிரிவில் மீன்பிடிப்பு பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்புறம் 1976 மார்ச் 23 அன்று மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லை வகுத்து இன்னொரு உடன்பாடு வந்தது. அதன் பிரிவுகளை மட்டும் படித்தாலும் விஷயம் பாதிதான் புரியும். ஒரு நாட்டுப் படகுகள் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்ற வாசகம், அதே நாளில் இரு நாட்டு வெளியுறவுத் துறைச் செயலாளர்கள் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் இருக்கிறது. உடன்பாட்டையும் கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காத ஆய்வேட்டில் எங்கள் மீனவர்களின் பிரச்சினை தவறாகவே பதிவாகும்.

இத்தோடும் முடியவில்லை. 1974 ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் வைத்த அறிக்கை, அதை எதிர்த்து இராமநாதபுரம் உறுப்பினர் மூக்கையாத் தேவர் உள்ளிட்டோர் பேசியது, ஆகஸ்ட் 21 அன்று தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் எல்லாவற்றையும் ஆய்வாளர் பார்க்க வேண்டும். 1974 உடன்பாடு வகுத்த கடல் எல்லைக் கோட்டை அமெரிக்க வெளியுறவுத் துறையின் புவியியல் பிரிவும் 1975இலேயே ஆராய்ந்து, வரைபடத்துடன் தனிக் குறிப்பாக வெளியிட்டிருக்கிறது. ஒரே தலைப்புக்கு இத்தனை இடங்களில் தேட வேண்டியிருக்கிறது.

இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கதையும் இதுவே. இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசுவது என்று முடிவானது. பின்னால் 1974இல் அந்த மீதியை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனிதர்களைக் கணக்குப் போட்டுப் பங்கிட்ட அந்தப் பேச்சுவார்த்தையில் யார் என்ன சொன்னார்கள், எந்த எண் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள, தாயகம் திரும்பியோருக்கான மண்டபம் முகாம் வழியாக வந்து நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு முழு உரிமை உண்டு. அப்படி ஒரு குடும்பத்திலிருந்து வந்த மாணவி ஒருவர் இதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்தார். டெல்லியில் மாதக்கணக்கில் தங்கிப் படிக்க வசதியில்லை. வேறு தலைப்புக்கு மாறிவிட்டார். எங்களுக்கு இது பெரிய வருத்தம்.

டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது; உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சிலின் சப்ரூ ஹவுஸ் நூலகம் இருக்கிறது; பிரதமர்கள் அருங்காட்சியக நூலகம் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் மதுரைக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. இன்று பெரும்பகுதி இணையத்திலேயே கிடைக்கிறது. தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளம், வெளியுறவு அமைச்சகத்தின் உடன்படிக்கைத் தொகுப்பு, நாடாளுமன்ற விவாதங்கள், ஐ.நா. உடன்படிக்கை வரிசை எல்லாமே இலவசம்தான்.

சரி, இலவசம் என்றால் வீட்டிலிருந்தே படிக்கலாமே என்ற கேள்வி வரும். எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே படிக்க முடியும்? 1861 முதல் அமெரிக்கா வெளியிட்டுவரும் வெளியுறவு ஆவண வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1973–76 காலத்துக்கான தெற்காசியத் தொகுதி இணையத்தில் மட்டும் வெளிவந்தது. அலமாரியில் அச்சு நூலைத் தேடுகிற மாணவருக்கு அப்படி ஒரு தொகுதி இருப்பதே தெரியாது. கைபேசித் திரையில் ஸ்கேன் செய்த பழைய கோப்புகளைப் படிப்பதும் நடக்கிற காரியமில்லை. பெரிய திரையுள்ள கணினிகள், தேவையான பக்கங்களை அச்செடுக்கும் வசதி, கட்டண ஆய்விதழ்த் தளங்களுக்கான சந்தா, இவற்றோடு உட்கார்ந்து வழிகாட்ட ஒரு ஆள் வேண்டும். இவற்றில் அந்த ஆளைத்தான் நாங்கள் முதலில் கேட்கிறோம். ஏற்கெனவே பணியில் இருக்கும் நூலகர் ஒருவரைத் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் குறுகிய காலப் பயிற்சிக்கு அனுப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இணையத்தில் முழுமையாகக் கிடைக்காதவற்றுக்கும் சென்னையிலேயே வழி இருக்கிறது. 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி கன்னிமாரா நூலகத்துக்கு வர வேண்டும். அலுவலக உபயோகத்துக்கு மட்டுமான நூல்கள் நீங்கலாக அரசு வெளியீடுகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று அதன் 8ஆம் பிரிவு சொல்கிறது. எனவே வெளியுறவு அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகள், 1955 முதல் வந்த மாத ஆவணத் தொகுப்பு ஆகியவற்றில் கன்னிமாராவில் உள்ளவற்றைப் பட்டியலிட்டு, அவற்றின் மின்பிரதிகளை மதுரைக்கு அனுப்ப உத்தரவிடலாம். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இலங்கை, பர்மா தாயகம் திரும்பியோர் பற்றிய மாநில அரசுக் கோப்புகளின் பட்டியலையும் அந்தத் துறையோடு பேசிப் பெற்றுத்தர வேண்டுகிறோம். கோப்புகளே வர வேண்டும் என்பதில்லை. எந்தக் கோப்பைக் கேட்பது என்று தெரிந்தால், நாங்கள் சென்னைக்கு வந்து பார்த்துக்கொள்வோம்.

கடைசியாக, இந்த ஆவணங்களை எப்படித் தேடுவது என்று தமிழில் ஒரு சிறு கையேடு நூலகத் துறை சார்பில் வர வேண்டும். தமிழ்வழியில் படித்துவிட்டு ஆய்வுக்கு வரும் பிள்ளைகள் இந்தத் துறைப் பக்கமே வராமல் ஒதுங்கிப்போவதற்கு இப்படி ஒரு கையேடு இல்லாததும் ஒரு காரணம். கையேட்டுக்கான முதல் வரைவை ஊதியம் எதுவும் இல்லாமல் நாங்களே எழுதித்தருகிறோம். தேவையான நூல்கள், தொகுதிகள், தளங்களின் பட்டியலையும் தயாரித்துக் கொடுக்கிறோம்.

தாங்கள் நேரம் ஒதுக்கினால் நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறோம். வரும் கல்வியாண்டுக்குள் முதல் கட்டமாக நூலகர் பயிற்சிக்கும் கணினி வசதிக்குமாவது ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வரலாற்று ஆய்வாளர் மற்றும் ஆய்வு மாணவர்கள்,
இராமநாதபுரம்.