வேலியில் வழி விடச் சொல்லுங்கள்

எங்கள் பகுதி வனச்சரக அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். எந்த ஊர், எந்த வேலி என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஊரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுக்கள் உங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன. போன வாரம் இரவு உங்கள் ஆட்கள் பட்டாசு வெடித்தபோது காட்டெருமைகள் எந்தப் பக்கம் ஓடின என்பதும் உங்களுக்குத் தெரியும். மேலே போக வழியில்லாமல் எங்கள் வீடுகளுக்கு நடுவில்தான் இறங்கி ஓடின. கன்றோடு வந்த பசு ஒன்று எங்கள் கல்கட்டைச் சரித்துவிட்டு, கழிப்பறைக் கதவையும் பெயர்த்துத் தள்ளிவிட்டுப் போனது. விடிந்ததும் வந்து பார்த்தவர்கள் யாருக்கும் காயமில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அந்த ஒரு வரியைப் படித்த பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

சேர்வராயன் மலையில் பிறந்து வளர்ந்த யாருக்கும் காட்டெருமை புதிதல்ல. காட்டிலிருந்து சில்வர் ஓக் நிழலோடு இறங்கி, பழைய காப்பித் தோட்டத்துக்குள் புகுந்து, ஓடையில் தண்ணீர் குடித்துவிட்டு விடிவதற்குள் ஏறிவிடும். காப்பிப் பழம் பறிக்கப் போகும்போது சாணி ஈரமாக இருந்தால் சத்தம் கொடுத்துக்கொண்டே உள்ளே போவோம். அதுவும் ஒதுங்கும், நாங்களும் ஒதுங்குவோம். அந்தத் தோட்டம் கைமாறி, துண்டு துண்டாக மனை பிரித்து, விடுதி எழும்பி, சுற்றிலும் கம்பிவலையும் அதற்கு மேல் சோலார் மின்கம்பியும் வந்த பிறகு அவற்றுக்கு ஓடைக்குப் போக மிச்சமிருப்பது எங்கள் சந்து ஒன்றுதான். ஐயா, அந்த வேலியில் வழி விடச் சொல்லுங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

பொழுது சாய்ந்தால் எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். என் மாமியாருக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது, சர்க்கரை நோயாளி. இரவில் நாலைந்து தடவை எழுந்தாக வேண்டும். எங்கள் கழிப்பறை, தூய்மை பாரதம் திட்டத்தில் 12,000 ரூபாய் மானியம் வாங்கிக் கட்டியது, வீட்டுக்குப் பின்னால் சௌசௌ பந்தலைத் தாண்டி இருக்கிறது. பத்திருபது எட்டு வைத்தால் போதும். ஒரு நாள் நான் டார்ச்சோடு அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனேன். பந்தலுக்குக் கீழே வெளிச்சம் பட்ட இடத்தில் முதலில் தெரிந்தவை முழங்காலுக்குக் கீழே வெளுத்த நான்கு கால்கள். அதற்கு மேல் உடம்பு இருட்டோடு இருட்டாக இருந்தது. டார்ச்சைத் தூக்கியபோதுதான் கண் மின்னியது. புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது, என் முகத்தில் வந்து அடித்ததுபோல் இருந்தது. வளர்ந்த கடா ஆயிரம் கிலோ வரை எடை இருக்கும், திமில் என் தலைக்கு மேல் நிற்கும். நாங்கள் பின்பக்கமாகவே நகர்ந்து வீட்டுக்குள் வந்தோம். அத்தைக்குச் சேலை நனைந்துவிட்டது. மருமகள் முன்னால் இப்படி ஆகிவிட்டதே என்று அன்றைக்கு முழுக்க அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது அவர் சாயந்திரம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. மாத்திரை விழுங்கக்கூட அரை மடக்குதான். "எதுக்குடி தண்ணி? குடிச்சா எந்திரிக்கணும்" என்கிறார். நீர்க்கடுப்பு வந்து, சேலத்துக்குக் கூட்டிப்போய் ஊசி போட வேண்டியதாயிற்று. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியனுப்பினார். அதே இரவு வாசலில் மறுபடியும் காட்டெருமை. உங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "கதவச் சாத்திட்டு உள்ளயே இருங்கம்மா, அதுவா போயிரும்" என்று பதில் வந்தது. கழிப்பறை வெளியே இருக்கும்போது உள்ளேயே இருப்பது எப்படி என்று நான் கேட்டபோது எதிர்முனையில் பேச்சில்லை. காயம் என்றால் ரத்தம் வந்தால்தானா ஐயா?

அந்த விலங்கின் மேல் எங்களுக்குக் கோபமில்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் அது இருக்கிறது, இருக்கவும் வேண்டும். காட்டுக்குள் உண்ணிச்செடி மண்டிப் புல்லை மூடிவிட்டது, மாசி பங்குனியில் மேலே சுனையெல்லாம் வற்றிவிடுகிறது. தண்ணீருக்கு அது எங்கேதான் போகும்? ஆனால் மின்வேலிகளைப் பதிவு செய்யவும் ஒழுங்குபடுத்தவும் 2023-இல் தமிழ்நாடு அரசே விதிகள் கொண்டுவந்ததே, அவை யாருக்காக? காப்புக்காட்டை ஒட்டி மின்வேலி போடுகிறவர் உங்களைக் கேட்காமல் போடக் கூடாது என்பதற்குத்தானே? அந்த வேலிக்கு அனுமதி உண்டா இல்லையா என்று கேட்டோம். இன்றுவரை ஒரு வரி பதில் இல்லை.

நாங்கள் விறகுக்கு ஒரு மிலாறு பொறுக்கினால் யார், எவர் என்று விசாரிக்க ஆள் வருகிறது. மலைக்கென்று தனிக் கட்டட விதி இருந்தும் மாடிமேல் மாடி எழும்புகிறது, அங்கே யாரும் போய் நின்றதாகத் தெரியவில்லை. கோடை விழாக் கூட்டத்தில் இருபது கொண்டை ஊசி வளைவிலும் குரங்குக்குச் சிப்ஸ் பாக்கெட்டை வீசிவிட்டுப் போகிறார்கள். அதைத் தின்று பழகிய குரங்கு எங்கள் ஓட்டைப் பிரித்துக்கொண்டு அடுப்படிக்குள் இறங்குகிறது. எல்லாவற்றுக்கும் பொறுத்துப்போக வேண்டியவர்கள் நாங்கள் மட்டும் என்றால் அது நியாயமில்லை. இதைச் சொல்லவும் இடம் வேண்டுமே என்றுதான் இங்கே எழுதினேன். குரங்கு விஷயத்தைத் தனியாக மனுவில் தருகிறோம்.

இந்த மடலில் கேட்பது ஒன்றுதான். வேலியை முழுக்கப் பிடுங்கச் சொல்லவில்லை. பழைய தோட்டத்தின் மேல்கோடியிலிருந்து ஓடைவரை, முன்பு அவை நடந்த தடத்தில், ஒரு கூட்டம் கன்றோடு மிரளாமல் போகிற அகலத்துக்கு வழி விடச் சொல்லுங்கள். அந்த இடத்தில் விடுதிக்காரர்கள் இரவில் எரிக்கும் பெரிய விளக்கையும் அணைக்கச் சொல்லுங்கள். வழி திறக்கும்வரை எங்கள் வீடுகள் பக்கம் பட்டாசு வெடிக்க வேண்டாம். தடம் எது என்று காட்ட, அந்தத் தோட்டத்தில் பறித்த பெரியவர்கள் ஊரில் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள்.

ஆய்வுக்கு வருவதாக இருந்தால் தயவுசெய்து பகலில் வந்து திரும்பிவிடாதீர்கள். ஏழு மணிக்கு மேல் வந்து எங்கள் பின்வாசலில் ஒரு மணி நேரம் இருங்கள். கோடை விழாக் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே வந்துவிட்டால் நல்லது. தங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
காப்பித் தோட்டத் தொழிலாளி ஒருத்தி,
ஏற்காடு வட்டம்