தொகையை விடுங்கள், பட்டியலைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய யூனியனின் 2028 முதல் 2034 வரையிலான பட்ஜெட் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏறக்குறைய 2 லட்சம் கோடி யூரோ என்ற தொகை, ராணுவச் செலவு, உக்ரைன், விவசாயிகளின் எதிர்ப்பு எல்லாம் இருந்தன. மீன்பிடி பற்றி ஒரு வரி இல்லை. சென்னைப் பதிப்பு என்றால் சரி, விட்டுவிடலாம். ராமநாதபுரத்துக்கு வரும் பேப்பரிலும் அப்படியே வந்திருப்பதால்தான் எழுதுகிறேன்.

நான் மண்டபம் பக்கம் ஒரு கணவாய்க் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். ஓட்டுக்கணவாய், ஊசிக்கணவாய் இரண்டும் இங்கிருந்து பெட்டி கட்டி ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் போகின்றன. அப்படிப் போகிற ஒவ்வொரு சரக்கோடும் கேட்ச் சர்டிபிகேட் போக வேண்டும். எந்தப் படகு, என்ன பதிவு எண், எந்தக் கடல், எந்தத் தேதி, எந்தத் துறையில் இறக்கியது என்று எல்லாவற்றையும் அதில் நிரப்ப வேண்டும். 2010 ஜனவரியிலிருந்து இது அவர்கள் சட்டம். தரகர் நாலு ஊரில் வாங்கி ஒரே வேனில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்து இறக்குவார். "அண்ணே, இந்தப் பெட்டி யார் படகுது?" என்று கேட்டால் தலையைச் சொறிவார். அப்புறம் நான் ஒவ்வொருவராகப் போன் போட்டு எண்ணை வாங்குவேன். ஐரோப்பிய யூனியன் என்பது எனக்கு உலகச் செய்தி இல்லை, தினமும் மேஜைமேல் கிடக்கும் தாள். அந்த உரிமையில்தான் இந்தக் கடிதம், நம் மாவட்டத்தில் மீன்வள மானியம் வாங்கியவர் பட்டியலைக் கேட்டு.

மீன்பிடிக்கு அவர்கள் தனியாக ஒரு நிதி வைத்திருக்கிறார்கள். 2021 முதல் 2027 வரை ஏழு ஆண்டுக்கு 610 கோடி யூரோ. யூரோவுக்குத் தொண்ணூறு ரூபாய் என்று வைத்தாலே 55 ஆயிரம் கோடி ரூபாய் பக்கம் வரும். நம் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020-இல் அறிவித்தபோது 20,050 கோடி. சரி, அவர்கள் பணக்கார நாடுகள், 27 நாடு சேர்ந்தது, அதை விடுங்கள். கட்டுரையில் விட்டுப்போன செய்தி இதுதான்: 2025 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் வைத்த புதுத் திட்டத்தில் அந்தத் தனி நிதி இல்லை. விவசாயம், பின்தங்கிய பகுதிகள், மீன்பிடி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து நாட்டுக்கொரு திட்டம், நாட்டுக்கொரு தொகை. அதற்குள் மீனுக்குக் குறைந்தது 200 கோடி யூரோ என்று மட்டும் ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். அங்குள்ள மீனவர் சங்கங்கள் கொதித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும் என்போம். எல்லோருக்கும் ஒரே சட்டி என்று ஆக்கிவிட்டால், அகப்பை யார் கையில் என்பதுதான் கேள்வி. விவசாயிகளோடு போட்டி போட்டு மீனவன் அகப்பையைப் பிடித்ததாக எந்த ஊரிலும் நான் கேள்விப்பட்டதில்லை. 27 அரசுகளும் ஒருமனதாகச் சம்மதித்து, நாடாளுமன்றமும் ஒப்புக்கொண்டால்தான் இது நிறைவேறும். இன்னும் எத்தனையோ மாறலாம்.

இதை எழுதும்போதே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். "ஐரோப்பா நிதி வந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டு எங்கள் தெருவுக்கு ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் பைல். அதன் அட்டையில் நீலத்தில் மஞ்சள் நட்சத்திரம் வட்டமாக ஒட்டியிருந்தது. ஆதார் நகல், படகுப் பதிவு நகல், "பதிவுக் கட்டணம்" ஐந்நூறு ரூபாய். ஏழெட்டுப் பேர் கொடுத்தும்விட்டார்கள். அந்த மீன்பிடி நிதி அவர்கள் உறுப்பு நாடுகளுக்குள்தான். பாம்பனில் இருக்கும் படகுக்கு அதிலிருந்து ஒரு காசு வராது. யூனியனின் டெல்லித் தூதரகம் அவ்வப்போது இந்தியாவிலுள்ள அமைப்புகளிடம் திட்டங்கள் கேட்டு அறிவிப்பு வெளியிடும், உண்மைதான். பதிவு பெற்ற அமைப்புகள்தான் அதற்கு எழுத முடியும். தனி மீனவருக்கு அங்கே படிவமே கிடையாது. விண்ணப்பிக்கக் கட்டணமும் இல்லை. யாராவது நட்சத்திர பைலோடு வந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், அது போதும்.

பணம் வராது என்றால் இதைப் பற்றிப் பேசுவானேன்? அவர்கள் விதிகளைப் பார்க்கத்தான். பணத்தை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று அந்த விதிகளைப் படித்தபோது எனக்கு இரண்டு மூன்று இடத்தில் நம் கரை நினைவுக்கு வந்தது.

12 மீட்டருக்குக் குறைந்த, இழுவைமடி (படகு இழுத்துக்கொண்டு போகும் பெரிய வலை) போடாத படகுகளை அவர்கள் தனி வகையாக வைத்திருக்கிறார்கள். பொதுவாக ஒரு வேலைக்குப் பாதிச் செலவுதான் அரசுப் பணம். இந்தச் சிறு படகுக்காரர் என்றால் நூற்றுக்கு நூறு வரை கொடுக்க இடம் உண்டு. புதுப் படகு கட்டிக் கடலில் கூட்டத்தைப் பெருக்குவதற்குப் பணம் கிடையாது. சட்டத்தை மீறிப் பிடித்து மாட்டியவர் விண்ணப்பித்தால் குறிப்பிட்ட காலத்துக்கு வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். (சர்டிபிகேட்டிலும் இதே மாதிரி ஒரு சலுகை இருக்கிறது. இழுவைமடி போடாத 12 மீட்டருக்குக் குறைந்த படகுகளின் சரக்கைச் சேர்த்து ஒரே எளிய படிவத்தில் எழுதலாம். எங்கள் பக்கம் பல கம்பெனிகளுக்கு இது தெரியாது.)

அந்த வகையிலேயே இன்னொரு வரி இருக்கிறது. படகே இல்லாமல் கால்நடையாகப் போய்க் கரையில் பொறுக்குகிறவர்களும் சிறு மீனவர்கள்தான் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சிப்பி பொறுக்குகிறவர்களையும் சேர்த்துத்தான். இதைப் படித்ததும் எங்கள் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கடற்பாசி எடுத்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றி, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் சாக்குப் பையோடு தீவோரத்துப் பாறையில் முங்குவார். மரிக்கொழுந்துப் பாசி என்றால் நல்ல விலை, கட்டக்கோரைப் பாசி என்றால் எடைக்குத்தான் காசு. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ஐயும் 1986-இல் தேசியப் பூங்கா ஆக்கியபோது, அம்மா மாதிரிப் பெண்கள் ஒரே நாளில் "அத்துமீறி நுழைகிறவர்கள்" ஆனார்கள். பவளப் பாறையைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் மீனவர் அட்டை கேட்கப் போனபோது அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்காரருக்குப் படகு இருக்கா?" என்பதுதான். நான் வாசித்துக் காட்டியதைக் கேட்டுவிட்டு அம்மா, "அந்த ஊர்ல பொம்பளைங்களும் பாசி எடுக்குறாங்களா?" என்று கேட்டார். எடுக்கிறார்கள் என்றேன். "கால் வலிக்குமே" என்றார்.

இப்போது பெப்சிப் பாசி வந்தபிறகு (அதை இங்கே பரப்பிய பெப்சி கம்பெனி எப்போதோ போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது) மூங்கில் தெப்பத்தில் வளர்க்கிறார்கள். எங்கள் மாவட்டத்து வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்குப் பாசிப் பூங்கா என்று 2023-இல் அடிக்கல்லும் நாட்டினார்கள். நல்லது. அதில் யாருக்கு எத்தனை தெப்பம், யார் முடிவு செய்வது என்பதுதான் எங்கள் பெண்களின் கேள்வி.

முடிவு செய்வது பற்றியும் அவர்களிடம் ஒரு வழி இருக்கிறது. 2007-இல் தொடங்கிய ஏற்பாடு. கடலோரத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அங்குள்ள மீனவர், வியாபாரி, ஊராட்சி, பெண்கள் அமைப்பு என்று எல்லோரும் உட்காரும் ஒரு குழு. அந்தப் பகுதிக்கென்று ஒரு தொகை. ஐஸ் அறையா, வலை பின்னும் கொட்டகையா, குழந்தைகள் காப்பகமா என்று குழுவே தேர்ந்தெடுக்கும். எந்த ஒரு தரப்பும் முடிவைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். அரசு அதிகாரிகளும் அதற்கு விலக்கில்லை. கடந்த சுற்றில் ஒரு குழுவின் பகுதிக்குப் பத்தாயிரத்திலிருந்து ஒன்றரை லட்சம் வரை மக்கள்தொகை என்று அளவு வைத்திருந்தார்கள். ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் எல்லாம் சேர்ந்த எங்கள் தீவு அந்த அளவுக்குள் அடங்கிவிடும். முன்னூறுக்கும் மேற்பட்ட குழுக்கள் இப்படி நடந்தன. எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. நாலு பேர் உட்கார்ந்தால் அதில் ஒரு பெரிய மனிதர் இல்லாமல் போவாரா?

அதற்குத்தான் பட்டியல். எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் பட்டது அதுதான். யூனியன் பணம் வாங்கியவர் யார், எந்த வேலைக்கு, மொத்தச் செலவு எவ்வளவு, எந்த ஊர் என்று ஒவ்வொரு நாடும் இணையத்தில் வெளியிட வேண்டும். நாலு மாதத்துக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். மீன்பிடிப் பணம் என்றால் படகின் பதிவு எண்ணும் சேர்த்து. தனி ஆளின் பெயர் என்றால் இரண்டு ஆண்டில் எடுத்துவிடுகிறார்கள், அவர் மானத்தையும் பார்க்க வேண்டுமே. பக்கத்துப் படகுக்காரருக்கு எப்படிக் கிடைத்தது, தனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று வீட்டில் உட்கார்ந்தே பார்த்துக்கொள்ளலாம்.

என் தம்பி நாட்டுப்படகில் போகிறான். வெளியில் மாட்டும் எஞ்சினுக்கு மானியம் உண்டு என்று கேள்விப்பட்டு எழுதிக் கொடுத்தான். "சீனியாரிட்டிப்படிதான்" என்றார்கள். சரி, எத்தனையாவது இடம் என்று கேட்டான். "அதெல்லாம் வெளியில சொல்றதில்ல தம்பி." அந்த அலுவலகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஒருவர் போனால் இன்னொருவர் வருவார், வழக்கம் அப்படியேதான் இருக்கும். பிடித்த கடல் பகுதியை, படகு எண்ணை, பிடித்த தேதியை எல்லாம் ஸ்பெயின்காரருக்கு நான் எழுதி அனுப்புகிறேன். அவர் ஊர்ப் படகுக்கு எவ்வளவு மானியம் கிடைத்தது என்பதைக்கூடப் போனில் பார்த்துவிடுகிறேன். தங்கச்சிமடத்துக்காரருக்கு எவ்வளவு கிடைத்தது என்று மட்டும் தெரியவில்லை.

2017-இல் ஆழ்கடல் மீன்பிடிப் படகுத் திட்டம் வந்ததே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பாக் நீரிணையில் இழுவைமடிப் படகை ஒப்படைத்தால் 80 லட்ச ரூபாய்ப் படகு. மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20, சொந்தப் பணம் 10. இரண்டாயிரம் படகு என்றார்கள். கடலில் இறங்கியது அதில் ஒரு சிறு பங்குதான். வாங்கியவர்கள் என்ன ஆனார்கள், சூரை கிடைத்ததா, கடன் அடைந்ததா என்று ஊர் டீக்கடையில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒரு பட்டியல் இருந்தால் இந்தக் கதைகளுக்கு வேலை இருக்காது.

ஐரோப்பாக்காரர்களைத் தூக்கி வைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2004 வரை புதுப் படகு கட்டவும் பணம் கொடுத்தார்கள், கூடவே பழையதை உடைக்கவும் பணம் கொடுத்தார்கள். கடலில் மீன் குறைந்ததில் அந்தப் பணத்துக்கும் பங்கு உண்டு. அடுத்தவர் என்றால் பிடி இறுக்கமாகத்தான் இருக்கும். சட்டவிரோத மீன்பிடிப்பைத் தடுக்கவில்லை என்று இலங்கைக்கு 2012-இல் மஞ்சள் அட்டை (எச்சரிக்கை) காட்டி, 2014 அக்டோபரில் சிவப்பு அட்டை (தடை) காட்டி மீனையே நிறுத்தினார்கள். படகுகளில் கண்காணிப்புக் கருவி, கடும் அபராதம் என்று எல்லாம் செய்தபிறகு 2016-இல்தான் திறந்தார்கள். மறு ஆண்டே இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அக்கரையில் சட்டம் இறுகியதை இக்கரை விசைப்படகுக் குடும்பங்கள் எப்படி அனுபவிக்கின்றன என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2026 ஜனவரி 10 முதல் அங்கே இறக்குமதி செய்கிறவர் சர்டிபிகேட்டுகளைக் கணினி வழியாகத்தான் தாக்கல் செய்ய வேண்டும். அதாவது நான் இங்கே ஒரு எண்ணைத் தப்பாகத் தட்டினால் அங்கே கன்டெய்னர் நிற்கும்.

ஆகவே நான் கேட்பது இது. கலெக்டர் அலுவலகத்தில் மீனவர் குறைதீர் கூட்டம் நடக்கிறது. தங்கள் நிருபர் அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: ராமநாதபுரம் மாவட்டத்தில் கடந்த ஐந்து ஆண்டில் மீன்வள மானியம் வாங்கியவர் பட்டியல் எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது? திட்டம், தொகை, ஊர், படகு எண், இந்த நாலு கட்டம் போதும். ஆள் பெயர்கூட வேண்டாம். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று ஒவ்வொரு இறங்குதளத்திலும் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கும் இடத்துச் சுவரில் ஒட்டினால் எல்லோர் கண்ணிலும் படும். காத்திருப்போர் வரிசையும் பக்கத்திலேயே இருக்கட்டும். பாசி எடுக்கும் பெண்களுக்கு அதில் தனி வரிசை வேண்டும், வீட்டுக்காரர் படகைக் கேட்காமல். கிடைக்கும் பதிலைத் தங்கள் பத்திரிகையில் அப்படியே போடுங்கள். "பட்டியல் இல்லை" என்று பதில் வந்தால் அதையும் போடுங்கள்.

என் பெயரை வெளியிட வேண்டாம். கம்பெனியில் இன்னும் வேலை பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மண்டபம்.