கூட்டம் இல்லாதபோது சர்வர் ஏன் மெதுவாகிறது

அன்புள்ள முரளி,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல், எல்லாம் சரியாகிவிட்டது என்று பாதியிலேயே நிறுத்திவிடப் போகிறார். இங்கே எல்லாரும் நலம். பையன் பிளஸ் டூ என்பதால் வீட்டில் டிவிக்குத் தடை, அது எனக்கும் சேர்த்துத்தான்.

சரி, உன் சர்வர் விஷயத்துக்கு வருகிறேன். பகலில் கூட்டம் நெருக்கும்போது பதில் சட்டென்று வருகிறது, ராத்திரி ஆளே இல்லாதபோது அதே கோரிக்கை இழுக்கிறது, டேட்டாபேஸைக் குடைந்து பார்த்தும் ஒன்றும் சிக்கவில்லை என்கிறாய். அங்கே சிக்காது. நீ சொல்வதைப் பார்த்தால் பிராசசர் தூங்கிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு கோரிக்கையும் அதைத் தட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது.

பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிதான் கோர். வேலை இல்லாத கோரை லினக்ஸ் வெறுமனே சுற்றவிடாது, சி1, சி1இ, சி6 என்று படிப்படியாக ஆழமாகும் உறக்க நிலைகளுக்கு (சி-ஸ்டேட்) அனுப்பும். ஆழம் கூடக்கூட மின்சாரம் மிச்சம், ஆனால் எழுந்துவர நேரமாகும். உன்னிடம் இருப்பது இன்டெலின் ஸ்கைலேக் ஜியான் பிராசசர்தானே, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் அதற்கென்று இருக்கும் அட்டவணையில் எழுந்துவரும் நேரம் சி1-க்கு 2 மைக்ரோசெகண்ட், சி1இ-க்கு 10, சி6-க்கு 133. அதுவும் சி6-க்குப் போனால் 600 மைக்ரோசெகண்டாவது அங்கே இருந்தால்தான் போய்வந்த செலவு கட்டுப்படியாகும். டீக்கடைக்காரர் மத்தியானம் ஷட்டரை இறக்குவது மாதிரிதான், இறக்கிய உடனே ஆள் வந்து நின்றால் இறக்கியதே நஷ்டம்.

133 மைக்ரோசெகண்ட் என்ன பெரிய விஷயம் என்று கேட்பாய். ஒரு தடவை என்றால் ஒன்றுமில்லைதான். ஆனால் ஒரே கோரிக்கைக்காக நெட்வொர்க் கார்டு ஒரு கோரை எழுப்பும், அது வெப் பிராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் வெப் புரோகிராமை எழுப்பும், அது டேட்டாபேஸை எழுப்பும், பதில் திரும்பி வரும்போது மறுபடியும் அதே கதை. ஒவ்வொரு இடத்திலும் தூங்கும் கோர் மாட்டினால் எல்லாம் கூடிக்கொண்டே போகும். போதாததற்கு சி6-க்குப் போன கோரின் சொந்த கேஷ், அதாவது கைப்பக்கத்தில் வைத்திருக்கும் வேகமான சின்ன நினைவகம், காலியாகிவிடும், எழுந்ததும் எல்லாவற்றையும் மறுபடி இழுத்து வரவேண்டும், கிளாக் வேகமும் அடியிலிருந்துதான் ஏறவேண்டியிருக்கும்.

எவ்வளவு ஆழம் போகலாம் என்று முடிவு செய்வது மெனு என்கிற கவர்னர், கெர்னலில் இந்த முடிவுக்கென்றே இருக்கும் பகுதி. முன்கூட்டியே குறித்துவைத்த அடுத்த டைமர் எப்போது என்று அதற்குத் தெரியும், கடைசி 8 ஓய்வு இடைவெளிகளையும் பார்த்து ஒரு கணக்குப் போடும். ஆனால் ராத்திரி உன் வாடிக்கையாளர் எப்போது பட்டனை அமுக்குவார் என்று எந்த டைமரிலும் எழுதியிருக்காதே, அதனால் ரொம்ப நேரம் சும்மாதான் இருக்கப் போகிறோம் என்று நம்பி ஆழமாகப் போய்விடும்.

எனக்குக் கோபம் வருவது ஷெட்யூலர் மேல், எந்த வேலையை எந்தக் கோரில் ஓட்டுவது என்று முடிவு செய்யும் கெர்னல் பகுதி அது. ஒரு பிராசஸை எழுப்பும்போது ஷெட்யூலர் அவசரமாக முடிவெடுக்கும் வேகப் பாதை, கேஷைப் பகிரும் கோர்களில் சும்மா இருப்பது எது என்று மட்டும்தான் தேடும். அது அரைத்தூக்கத்தில் இருக்கிறதா, ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. நிதானமாகத் தேடும் மெதுவான பாதையில் மட்டும், புதிதாகப் பிறக்கும் பிராசஸுக்கு இடம் தேடும்போது, சீக்கிரம் எழக்கூடிய கோரைப் பார்த்து எடுக்கும். வேகப் பாதையில் அவ்வளவு யோசித்தால் அந்த யோசனைக்கே நேரம் போகும் என்பது நியாயம்தான், இருந்தாலும் பக்கத்தில் ஒரு கோர் விழித்திருக்க, தூங்குகிற கோரின் தலையில் வேலையைப் போடுவது எரிச்சலாக இருக்கிறது.

இதெல்லாம் தனித்தனி ஆட்கள் தனித்தனியாகக் கட்டியது என்பதுதான் மூல காரணம். வேகத்தை ஏற்றி இறக்குவது ஒரு பகுதி, உறக்கம் இன்னொரு பகுதி, ஷெட்யூலர் மூன்றாவது. பழைய ஆன்டிமாண்ட் கவர்னர் சற்று முன்புவரை கோர் எவ்வளவு உழைத்தது என்று பார்த்து வேகத்தை வைக்கும். அதற்குள் ஷெட்யூலர் வேலையை வேறு கோருக்கு மாற்றியிருந்தால், வேலை போன கோர் வேகமாகவும் வேலை வந்த கோர் மெதுவாகவும் ஓடும்! 2013-ல் ஷெட்யூலரைப் பராமரிப்பவர்களில் ஒருவரான இங்கோ மோல்னார் இவற்றையெல்லாம் ஷெட்யூலரோடு இணைத்தே ஆகவேண்டும் என்று கறாராக நின்றார். அந்தத் திசையில் 2016-ல் லினக்ஸ் 4.7-ல் ஸ்கெட்யூட்டில் என்கிற வேகக் கவர்னர் வந்தது, அதில் ஷெட்யூலர் வைத்திருக்கும் கணக்கு பிராசஸோடு சேர்ந்தே கோர் மாறும். 2019-ல் 5.0-ல் வந்த மின்சாரக் கணக்குப் பார்க்கும் ஷெட்யூலிங், பெரிய கோர் சின்ன கோர் கலந்த போன் சிப்களுக்கானது. எல்லாக் கோரும் ஒன்றுபோல இருக்கும் உன் பெட்டிக்கு அதனால் பயனில்லை, கிளாக் வேகத்தையும் அங்கே பெரும்பாலும் சிப்பே தீர்மானித்துக்கொள்ளும்.

அப்புறம் என்ன செய்வது? யாராவது பயாஸில், அதாவது இயந்திரத்தின் அடிப்படை அமைப்புகளில், சி-ஸ்டேட் எல்லாவற்றையும் அணைத்துவிடு என்பார்கள், கேட்காதே. மற்ற கோர்கள் ஆழமாகத் தூங்கினால்தான் உழைக்கிற ஒன்றிரண்டு கோர்களுக்கு முழு டர்போ வேகம் (வழக்கமான வேகத்துக்கும் மேலே போவது) கிடைக்கும், எல்லாவற்றையும் விழிக்க வைத்தால் கரண்ட் பில்லும் ஏறும், டர்போவும் குறையும். டெவ் கோப்பகத்தில் சிபியூ டிஎம்ஏ லேட்டன்சி என்று ஒரு கோப்பு இருக்கிறது பார், அதைத் திறந்து 20 என்பதை எழுத்தாக இல்லாமல் 4 பைட் எண்ணாக எழுதி மூடாமல் வைத்திருந்தால், 20 மைக்ரோசெகண்டுக்கு மேல் எழ நேரமாகும் உறக்கத்துக்கு எந்தக் கோரும் போகாது. கோப்பை மூடியதும் பழையபடி ஆகிவிடும். முதலில் அதை ஒரு ராத்திரி செய்து பார். அப்போதும் இழுத்தால் நான் சொன்னது முழுக்கத் தப்பு, டேட்டாபேஸையே குடை. சரியானால் கோர்களின் வேகத்தையும் உறக்கத்தையும் அளந்து காட்டும் டர்போஸ்டாட் கருவியை ஓட்டி முன்னும் பின்னும் வந்த எண்களை எனக்கு அனுப்பு, மொத்த இயந்திரத்துக்கும் இல்லாமல் டேட்டாபேஸ் ஓடும் கோர்களுக்கு மட்டும் இந்த வரம்பைப் போட வழியிருக்கிறது, எந்தக் கோர்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சேகர்