ரேகை விழாத விரல்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவக் காப்பீட்டையும் சிகிச்சையையும் கணினி வழியாக ஏழைகளிடம் கொண்டுசேர்ப்பதில் நம் நாடு மற்ற ஏழை நாடுகளுக்கு வழிகாட்ட முடியும் என்று தலையங்கம் எழுதியிருந்தீர்கள். 2023 ஆகஸ்டில் காந்திநகரில் ஜி-20 சுகாதார அமைச்சர்கள் கூடியபோது, உலக சுகாதார நிறுவனத்துடன் சேர்ந்து இதற்கென்றே ஒரு முயற்சி தொடங்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் நம்மிடமிருந்து கற்க வருகிறவர்கள் ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்டர் முன்னால் ஒரு நாள் முழுக்க நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் மாமியாருக்கு வயது 67. பன்னிரண்டு வயதில் பீடி சுற்ற உட்கார்ந்தவர். இலை நறுக்கி, தூள் வைத்து உருட்டி, முனையை நகத்தால் மடக்கி மடக்கி அவருடைய விரல் நுனிகள் கண்ணாடிபோல வழுவழுப்பாகிவிட்டன. சென்ற ஆண்டு நெஞ்சுவலி என்று ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருந்தது. கட்டைவிரலை இயந்திரத்தில் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தார், மறுபடியும் சிவப்பு. சோப்புப் போட்டுக் கழுவி வரச் சொன்னார்கள். பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த மனுஷி, ஏதோ தப்புச் செய்தவர்போல ஒவ்வொரு விரலாக நீட்டிக்கொண்டிருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்து ஓடிபி கேட்டார்கள். அட்டை எடுத்தபோது கொடுத்திருந்தது திருப்பூரில் வேலை செய்யும் என் கொழுந்தனாரின் பழைய எண். அந்த சிம் போய் நாலு வருடம் ஆகிறது. முன்பணமாக 40,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். என் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினோம். மூன்றாம் நாள் மேலாளர் ஒருவர் வந்தார். ஆதாரையும் ரேஷன் அட்டையையும் வாங்கி, படத்தையும் ஆளையும் பார்த்து, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். அன்று மாலைக்குள் அனுமதி வந்துவிட்டது. அந்தக் கையெழுத்தை முதல் நாளே போட்டிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

இந்த ஏற்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2009இல் மாநிலத்தில் காப்பீட்டுத் திட்டம் வருவதற்கு முன்பு, என் அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக எங்கள் வீட்டு வயலே போனது. சங்கிலியோடு தப்பித்தது இந்த அட்டையால்தான். திருட்டையும் தடுத்தாக வேண்டும். மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகளின் பெயரில் 9999999999 என்ற ஒரே கைபேசி எண் பதிவாகியிருந்ததைத் தணிக்கைத் துறைத் தலைவரின் 2023 அறிக்கை வெளிக்கொண்டுவந்ததே! பயனாளியைச் சரிபார்க்கக் கைபேசி எண் பயன்படுவதில்லை என்று அப்போது அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். எங்களிடம் விரலுக்கு அடுத்தபடியாக அதைத்தான் கேட்டார்கள்.

கொரோனா காலத்தில் இதை ஒரு முறை பார்த்துவிட்டோம். 2021 மே மாதம் 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்கு இணையத்தில் பதிந்தால்தான் தடுப்பூசி என்றார்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று உச்ச நீதிமன்றம் வரை கேள்வி எழுந்தது. நேரில் வந்தால் போதும் என்று ஆன பிறகுதான் எங்கள் தெருவில் பலர் ஊசி போட்டுக்கொண்டார்கள். அந்தப் பாடம் காப்பீட்டுக் கவுண்டருக்கு ஏன் இன்னும் வந்து சேரவில்லை?

ரேகையும் ஓடிபியும் கைகொடுக்காவிட்டால், ஆளை நேரில் பார்த்து அன்றைக்கே அனுமதிக்கலாம், சரிபார்ப்பைப் பிறகு முடித்துக்கொள்ளலாம் என்று எழுத்துபூர்வமான உத்தரவு வேண்டும். அது கவுண்டரில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட வேண்டும். முன்பணம் கேட்கக் கூடாது என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

இன்னொன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் பிரஷர், சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் பெண்கள் இருக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வருகிறவருக்கு, எந்த வீட்டுக் கிழவி தனியாக இருக்கிறாள், யாருடைய மகன் எந்த ஊரில் இருக்கிறான் என்பதெல்லாம் அத்துப்படி. மாத்திரை கொடுக்க வரும்போதே காப்பீட்டு அட்டையை வாங்கிப் பார்த்து, அதில் இருக்கும் எண் உயிரோடு இருக்கிறதா என்று அடித்துப் பார்த்து, மாற்றிக் கொடுக்கும் பொறுப்பை அவர்களிடம் தரலாம். அதற்குத் தனியாக ஊதியமும் தர வேண்டும். நோய் வந்த பிறகு கவுண்டரில் செய்கிற வேலையை, நல்லபடியாக இருக்கும்போதே திண்ணையில் உட்கார்ந்து முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கடையம், தென்காசி மாவட்டம்.