பெட்ரோல் பங்க்குக்கு மேப்ல இடம் பார்க்குறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

பங்க்குக்கு இடம் தேடுற ப்ளானிங் டீமுக்கும், அதுக்கு பர்மிஷன் குடுக்குற அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மேப் போட்டு இடம் தேர்வு பண்றது நல்ல விஷயம்தான், அதுல மாற்றுக்கருத்தே இல்ல. ரோடு, ட்ராஃபிக், ஏற்கனவே இருக்குற பங்க், ஸ்கூல், ஆறு, கிணறுன்னு ஒவ்வொண்ணையும் தனி லேயரா, அதாவது ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குற மேப்பா போட்டு, எது எவ்வளவு முக்கியம்னு வெயிட்டேஜ் குடுத்து மார்க்கை கூட்டினா, தோதான இடம் பச்சை, ஆகாத இடம் சிவப்புன்னு ஒரு மேப் வந்துடுது. எனக்கு பயமே அந்த கூட்டல்லதாங்க.

கிணத்துக்கு உள்ள தூரத்துக்கு 10 சதவீதம்தான் வெயிட்டேஜ்னு வைங்க. ஒரு இடம் குடிதண்ணி கிணத்தை ஒட்டியே இருந்து அதுல சைபர் வாங்கினாலும், மத்த எல்லாத்துலயும் ஃபுல் மார்க் எடுத்துட்டா மொத்தம் 100க்கு 90, மேப்ல நல்லா பச்சையா நிக்கும். தரைக்கு அடியில இருக்குற டேங்க் லீக் ஆனா மேல நிக்குறவங்களுக்கு தெரியவே தெரியாது, பெட்ரோல்ல இருக்குற பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பொருள், அது நிலத்தடி தண்ணில கலந்துட்டா சுத்தம் பண்ண வருஷக்கணக்கா ஆகும். இதை ட்ராஃபிக் மார்க் வச்சு ஈடு கட்ட முடியுமா? அதனால கிணத்துக்கோ ஸ்கூலுக்கோ பக்கத்துல இருக்குற இடம், வெள்ளம் வர்ற இடம் எல்லாத்தையும் முதல்லயே பட்டியல்ல இருந்து நீக்கிடுங்க, மீதி இருக்குற இடத்துக்கு மட்டும் மார்க் போடுங்க.

ஏஹெச்பி முறையில, அதாவது ரெண்டு ரெண்டா ஒப்பிட்டு எது முக்கியம்னு சொல்ற முறையில வெயிட்டேஜ் எடுத்தோம், முரண்பாட்டை அளக்குற கன்சிஸ்டன்சி ரேஷியோ 0.10க்குள்ள வந்துருச்சு, அதனால சரின்னு ரிப்போர்ட்ல எழுதுறீங்க. தாமஸ் சாட்டி 1970கள்ல கொண்டுவந்த அந்த கணக்கு, நீங்க சொன்ன ஒப்பீடுகள் ஒண்ணுக்கொண்ணு முரண்படுதான்னு மட்டும்தான் பார்க்கும். தப்பான கருத்தையே முரண் இல்லாம சொன்னாலும் பாஸ் ஆயிடும்.

பஃபர் வட்டமும், அதாவது ஒரு இடத்தைச் சுத்தி இத்தனை மீட்டர்னு மேப்ல போடுற வட்டமும் அப்படித்தான். டேங்க்ல இருந்து 100 மீட்டர்ல மேட்டுல ஒரு கிணறு, அதே 100 மீட்டர்ல பள்ளத்துல இன்னொரு கிணறுன்னா வட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஆனா நிலத்தடி தண்ணி பெரும்பாலும் தரையோட சரிவை ஒட்டித்தான் நகரும், அதனால பள்ளத்துல இருக்குறவங்களுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. பெட்ரோல் ஆவியும் காத்தை விட கனம், அதுவும் பள்ளத்துலதான் போய் தேங்கும். உயர அளவு டேட்டா இலவசமாவே கிடைக்குதே, சரிவு எந்தப் பக்கம்னு ஒரு லேயர் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகிடும்?

இன்னொண்ணு, கிணறு லேயர் காலியா இருந்தா அங்க கிணறே இல்லைன்னு அர்த்தம் இல்ல, யாரும் பதியலன்னும் இருக்கலாம். வீட்டுக்குள்ள இருக்குற போர்வெல் எந்த சாட்டிலைட் படத்துலயும் தெரியாது. கடைசியா நிக்குற நாலஞ்சு இடத்துக்காவது நேர்ல போய், அங்க குடியிருக்குறவங்ககிட்ட கேட்டு, போன் ஜிபிஎஸ்லயே குறிச்சுட்டு வாங்க.

ஆட்சேபம் கேட்டு அறிவிப்பு போடுறப்ப வெறும் பச்சை மேப்பை மட்டும் ஒட்டாதீங்க. வெயிட்டேஜ் பட்டியல், எந்த வருஷத்து டேட்டா, வெயிட்டேஜை கொஞ்சம் மாத்தினாலும் அந்த இடம் பச்சையாவே நிக்குதா, இது மூணையும் சேர்த்து வெளியிடுங்க.