தங்கசேரிக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நம்ம திருநெல்வேலிப் பக்கம் பள்ளிச் சுற்றுலா என்றாலே கன்னியாகுமரிதான். செங்கோட்டை வழியாக ரயிலில் மலையைத் தாண்டினால் கேரளத்துக் கொல்லம். அங்கே தங்கசேரியில் போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் கட்டி, அப்புறம் டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறிய கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது இடிந்த சுவர்தான், அதிலும் சிறுவர்கள் ஏறிக் குதிப்பதைப் பார்த்தபோது மனசு பதறியது, ஒரு காவலாளாவது வேண்டாமா?

பக்கத்திலேயே 1902இல் எழுப்பிய கலங்கரை விளக்கம், 41 மீட்டர் உயரம், சிவப்பும் வெள்ளையும் சாய்வாகச் சுற்றியிருக்கும். மேலிருந்து மீன்பிடிப் படகுகளைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். நம் தாத்தாக்கள் பத்திரத்தில் எழுதிய கொல்லம் ஆண்டு என்ற பழைய ஆண்டுக் கணக்கு இந்த ஊர்ப் பெயரில் வந்ததுதான் என்பதை ஆசிரியர்கள் அங்கேயே வைத்துச் சொல்லலாமே.

- ஒரு வாசகர், பாளையங்கோட்டை