லோகோவோடு நின்றுபோகிற கம்ப்யூட்டர்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். ஆன் செய்ததும் மதர்போர்டு கம்பெனியின் லோகோ வருகிறது, அதோடு சரி, விண்டோஸின் சுற்றும் புள்ளிகள்கூட வரவில்லை. கீழ்வீட்டுப் பையன் ஃபார்மட் அடித்துவிடலாம் என்கிறானாமே, அதற்கு மட்டும் தலையாட்டிவிடாதே. விண்டோஸ் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அதைத் திரும்பப் போட்டு என்ன பிரயோஜனம்? உன் தீசிஸும் போட்டோக்களும் போவதுதான் மிச்சம்.

ஹேங்க் ஆகிறது என்று யார் சொன்னாலும் கடையில் நான் கேட்பது, எந்த இடத்தில் என்றுதான். லோகோவிலேயே நின்றால் பெரும்பாலும் ரேம், டிஸ்க், போர்டு, இல்லாவிட்டால் வெளியே குத்தியிருக்கிற ஏதோ ஒன்று. புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருந்தால் டிஸ்க், டிரைவர், பாதியில் நின்ற அப்டேட் என்று சந்தேகப்படலாம். டெஸ்க்டாப் வந்தபிறகு இழுத்தால் ஸ்டார்ட்டப்பில் தானாகச் சேர்ந்துகொண்ட புரோகிராம்கள், டாஸ்க் மேனேஜரில் வேண்டாததை டிஸேபிள் செய்தால் தீர்ந்தது. உன்னுடையது முதல் ரகம்.

ஸ்விட்சை ஐந்தாறு விநாடி அழுத்திப் பிடித்து ஆஃப் செய். கீபோர்டு, மவுஸ், மானிட்டர் தவிர எல்லாவற்றையும் உருவிவிடு, பிரிண்டர், எக்ஸ்டர்னல் டிஸ்க், பென்டிரைவ் எல்லாம். ஆன் ஆகும்போது பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடுகிற போர்டின் சொந்தப் புரோகிராம், யுஎஸ்பியில் இருப்பதையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் மேலே போகும், அதில் ஒன்று சரியாகப் பதில் சொல்லாவிட்டால் அங்கேயே நிற்கிற போர்டுகள் உண்டு. கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்தவரிடம் ஒரு பென்டிரைவை உருவிக் கொடுத்துவிட்டுக் காசு கேட்க எனக்கே கூச்சமாக இருக்கும்.

அதற்கும் அசையவில்லை என்றால் கேபினெட்டைத் திறக்க வேண்டியதுதான். பவர் கார்டைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, ஆன் பட்டனை ஒருதரம் அழுத்தினால் உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கிவிடும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, போர்டில் நீளப் பட்டையாகச் செருகியிருக்கும் ரேமின் ஓரத்தில் இருக்கும் கிளிப்பை விலக்கி அதை வெளியே எடு. அடியில் தங்க நிறத்தில் வரிசையாகப் பற்கள் இருக்கும், விரல் படாமல் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் தூளைத் துடைத்துவிடு. சென்னையின் உப்புக்காற்றுக்கு அதில் அழுக்குப் படிவது சகஜம். திரும்பப் போடும்போது கிளிப் 'டக்'கென்று விழுகிற வரைக்கும் அழுத்து, பாதி உட்கார்ந்த ரேம் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. உன்னுடையதில் இரண்டு ரேம் இருக்கிறது, ஒவ்வொன்றாகப் போட்டு ஆன் செய்து பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும்.

அடுத்தது ஹார்டு டிஸ்க். மறுபடி பவர் கார்டை உருவிவிட்டு டிஸ்க்குக்குப் போகும் இரண்டு கேபிளையும் கழற்று, அப்புறம் ஆன் செய். லோகோவைத் தாண்டி, பூட் செய்ய டிஸ்க் இல்லை என்று திரையில் எழுத்து வந்தால் கோளாறு டிஸ்க்கிலோ அதன் கேபிளிலோதான். அந்த இரண்டில் டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் கடையில் மலிவாகவே கிடைக்கும், முதலில் அதை மாற்றிப் பார். ஆனால் டிஸ்க்கிலிருந்து டிக் டிக்கென்று சத்தம் கேட்டால் அதற்கு மேல் ஒருதரம்கூட ஆன் செய்யாதே, சுற்றச் சுற்றச் சேதம்தான் கூடும். அப்படியே எடுத்து வை, உள்ளே இருப்பதை மீட்க முடிகிறதா என்று நான் பார்க்கிறேன்.

இன்னொன்று, ஆன் ஆனதும் டெலீட் அல்லது எஃப்2 தட்டி பயாஸுக்குள் போக முடிகிறதா பார். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் போர்டில் இருக்கும் காசு மாதிரியான பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சிஆர்2032 என்று கேள், 3 வோல்ட், வாட்ச் கடையிலும் கிடைக்கும். அது தீர்ந்தால் தேதி மட்டுமல்ல, எந்த டிஸ்க்கிலிருந்து பூட் ஆக வேண்டும் என்பது உட்பட எல்லா செட்டிங்கும் கம்பெனி வைத்து அனுப்பியபடி மாறிவிடலாம், புதுசு போட்டதும் அவற்றையும் சரிபார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறக்காதே, பிளக்கை உருவிய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கிற அளவுக்கு கரண்ட் தங்கியிருக்கும். போர்டில் சின்னச் சின்ன உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்களில் ஏதாவது தலை உப்பியிருந்தால் கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, போர்டை மாற்றுவதா வேண்டாமா என்று பார்த்துச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, திறந்து வைத்துக்கொண்டு வீடியோ கால் போடு. அம்மா நீ சாப்பிட்டாயா என்று கேட்கச் சொன்னாள்.

அப்பா